மேசைப்பந்தின் மாமன்னர் விக்டர் பார்னா

விளையாட்டைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவைக்கும் வழக்கம் நம் பெற்றோர் பலரிடம் இன்றும் உண்டு. படிப்புக்கு இடையூறு என்று மட்டையை வாங்கிப் பரண்மேல் போடுவோரும் உளர். ஆயினும் ஓர் ஆட்டத்தில் தலைசிறந்து நின்ற ஒருவரின் வாழ்க்கையை ஊன்றிப் பயின்றால், அவர் காலத்து அரசியலும் சமுதாயமும் மனித உள்ளத்தின் உறுதியும் அதனுள் ஒருங்கே புலப்படும். அவ்வாறு பயிலத்தக்க வாழ்க்கைகளுள் ஒன்று மேசைப்பந்து வீரர் விக்டர் பார்னாவினுடையது.

நம் நாட்டுத் தேசிய மேசைப்பந்துப் போட்டிகளில் மாநில ஆடவர் அணிகளுக்குரிய வெற்றிக்கோப்பை பார்னா–பெல்லாக் கோப்பை என வழங்கப்படுகிறது. மகளிர் அணிகளுக்குரியது ஜெயலட்சுமி கோப்பை. செய்தித்தாளின் விளையாட்டுப் பக்கத்தில் இப்பெயர்களைப் பலகாலம் படித்திருந்தும், பார்னா யார், பெல்லாக் யார் என்று வினவியோர் மிகச் சிலரே. டேபிள் டென்னிஸ் என்று நாம் அழைக்கும் இவ்வாட்டத்தின் மேசையைச் சுற்றி மாலைதோறும் கூடி நிற்கும் நம் மாணவச் செல்வங்கள் அறிந்துகொள்ள வேண்டும் என்னும் விழைவால் அவ்வரலாறு இங்கே தொகுத்துரைக்கப்படுகிறது.

ஆட்டம் பிறந்த கதை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்துச் செல்வர் இல்லங்களில், இரவு உணவு முடிந்தபின் உணவு மேசையின் மீதே ஆடப்பெற்ற வேடிக்கை விளையாட்டாக இது தோன்றிற்று. 1900ஆம் ஆண்டையொட்டிச் செல்லுலாய்டுப் பந்து புழக்கத்திற்கு வந்தபின் ஆட்டத்தின் வேகம் கூடியது. பந்து எழுப்பும் ஒலியையொட்டிப் பிங்பாங் என்னும் பெயரும் பரவியது. எனினும் இதற்கென உலகளாவிய அமைப்பு ஏற்பட 1926ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவ்வாண்டு ஐவர் மாண்டேகு என்னும் ஆங்கில இளைஞரின் முயற்சியால் பன்னாட்டு மேசைப்பந்துக் கூட்டமைப்பு உருவாயிற்று. அவருடைய அன்னையார் சுவேத்லிங் சீமாட்டி ஆடவர் குழுப்போட்டிக்கென வழங்கிய கோப்பையே இன்றளவும் புகழ்பெற்று விளங்கும் சுவேத்லிங் கோப்பையாகும்.

1926 டிசம்பரில் இலண்டனில் நடைபெற்ற முதல் உலகப் போட்டியில் இந்திய அணியும் கலந்துகொண்டது என்பது நாம் பெருமையுடன் நினைவுகூரத்தக்க செய்தியாகும். டேவிஸ் கோப்பை டென்னிஸில் இந்தியாவுக்காக ஆடிய ஹசன் அலி ஃபைஸி, அத்தர் அலி ஃபைஸி என்னும் சகோதரர் இருவரும் அவ்வணியில் இருந்தனர். அவர்களோடு பீர்முகமது, நந்தா, கபாடியா, சுப்பையா ஆகியோரும் ஆடினர். அந்தக் குழுப்போட்டியில் இந்தியா வெண்கலம் பெற்றது. அடிமைப்பட்டிருந்த ஒரு நாட்டின் பல சமயத்தாரும் ஒரே அணியில் நின்று பெற்ற வெற்றி அது. அந்த முதற் போட்டியில் ஒற்றையர் பட்டத்தையும் குழுக் கோப்பையையும் ஒருசேர வென்ற நாடு அங்கேரி. அந்நாட்டின் தலைநகரான புதாபெஸ்டு நகரில் அப்போது 15 வயதுச் சிறுவனாக இருந்தவரே நம் கட்டுரைத் தலைவர்.

பிறப்பும் பெயரும்

பார்னா 1911 ஆகஸ்டு 24ஆம் நாள் புதாபெஸ்டில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் கியோசோ பிரௌன். கியோசோ என்னும் அங்கேரியச் சொல்லுக்கு வெற்றியாளன் என்பது பொருள். அதன் மொழிபெயர்ப்பே விக்டர். பிரௌன் என்பது பழுப்பு நிறத்தைக் குறிக்கும் செருமானியச் சொல். அங்கேரிய மொழியில் பழுப்பு நிறத்திற்குப் பார்னா என்று பெயர். பொருள் மாறாமல் மொழி மட்டும் மாறிய இப்பெயருக்குப் பின்னே ஒரு துயரம் மறைந்திருக்கிறது.

முதல் உலகப் போரில் தோல்வியுற்று நிலப்பரப்பின் பெரும்பகுதியை இழந்த அங்கேரியில், அத்தோல்விக்கான பழியை யூதர்மீது சுமத்தும் போக்கு தலைதூக்கியது. 1920ஆம் ஆண்டிலேயே பல்கலைக்கழகங்களில் யூத மாணவர் சேர்க்கையைக் குறைக்கும் நோக்குடன் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. தகுதி இருந்தும் பிறப்பின் காரணமாகக் கல்லூரி வாயில் அடைக்கப்படுவது எத்தகைய கொடுமை என்பதைக் கல்விக்கூடத்தில் இருக்கும் நாம் எளிதில் உணரலாம். அச்சூழலில் செருமானிய ஒலியுடைய குடும்பப் பெயரைத் துறந்து அங்கேரியப் பெயரைச் சூட்டிக்கொண்டோர் பலர். பிரௌன் பார்னாவானதும் இவ்வாறுதான். அநீதி எச்சமயத்தாருக்கு இழைக்கப்பட்டாலும் அநீதியே. பாதிக்கப்பட்டவரின் பிறப்பைப் பார்த்து அதன் எடையைக் கூட்டுவதும் குறைப்பதும் நேர்மையாகாது.

வெற்றிமேல் வெற்றி

பார்னாவின் இளமைத் தோழர்களுள் இருவர் குறிப்பிடத்தக்கவர்கள். ஒருவர் லாஸ்லோ பெல்லாக். மற்றவர் மிக்லோஸ் சபாடோஸ். இம்மூவரும் ஏறத்தாழ ஒரே வயதினர். ஒருவரையொருவர் எதிர்த்து ஆடியே மூவரும் வளர்ந்தனர். உலக மேடையில் பார்னாவை எதிர்த்து நின்றவர்களும், அவரோடு தோள்சேர்த்து ஆடியவர்களும் பெரும்பாலும் இவர்களே.

1929இல் புதாபெஸ்டிலேயே உலகப் போட்டி நடந்தது. அதில் 17 வயதுப் பார்னா அங்கேரிக் குழுவுக்காக ஆடிச் சுவேத்லிங் கோப்பையையும், சபாடோசுடன் இணைந்து இரட்டையர் பட்டத்தையும் வென்றார். பின்னாளில் விம்பிள்டன் டென்னிஸில் மூன்று முறை வாகை சூடிய பிரெட் பெர்ரியே அவ்வாண்டு மேசைப்பந்தில் ஒற்றையர் பட்டம் பெற்றவர் என்பது சுவையான செய்தி.

மறு ஆண்டு பெர்லின் நகரில் பெல்லாக்கை வென்று பார்னா முதன்முறையாக உலக ஒற்றையர் வாகையரானார். 1931இல் சொந்த நகர மக்கள் முன்னிலையில் இறுதியாட்டத்தில் சபாடோசிடம் தோற்றார். அத்தோல்வி அவரை மேலும் கூர்மைப்படுத்தியது போலும். 1932இல் பிராகா நகரில் அதே சபாடோசை வென்று பட்டத்தை மீட்டார். 1933இல் ஆஸ்திரியாவின் பாடன் நகரில் செக்கோசுலோவாக்கிய வீரர் கோலாரையும், அடுத்த போட்டியில் பாரிசு நகரில் பெல்லாக்கையும், 1935இல் இலண்டனில் மீண்டும் சபாடோசையும் வென்றார். ஆக, ஒற்றையர் பட்டம் ஐந்து முறை. அவற்றுள் நான்கு இடைவெளியின்றித் தொடர்ந்து பெற்றவை.

அவருக்குப்பின் வந்த மாபெரும் வீரர்களை எண்ணிப் பார்த்தால்தான் இச்சாதனையின் உயரம் விளங்கும். சீன நாட்டின் சுவாங் சேதோங் 1961, 1963, 1965 ஆகிய ஆண்டுகளில் தொடர்ந்து மூன்று முறை வென்றார். நம் காலத்து மா லாங் 2015, 2017, 2019 ஆகிய ஆண்டுகளில் மூன்று முறை வென்றார். நான்கைத் தொட்டுத் தொடரவோ, ஐந்தை எட்டவோ ஆடவர் ஒற்றையரில் எவராலும் இயலவில்லை.

1935ஆம் ஆண்டு இலண்டன் போட்டி அவருடைய வாழ்வின் உச்சம் எனலாம். ஒற்றையர், சபாடோசுடன் ஆடவர் இரட்டையர், அன்னா சிபோசுடன் கலப்பு இரட்டையர், அங்கேரிக்காகக் குழுக் கோப்பை என ஓர் ஆடவர் வெல்லக்கூடிய நான்கு பட்டங்களையும் ஒரே போட்டியில் அவர் கைப்பற்றினார். அப்போது அவருக்கு வயது 23. உலகப் போட்டிகளில் அவர் அதுவரை வென்ற பட்டங்கள் 20.

ஆட்டத்தின் நுட்பம்

ஒன்பது அடி நீளமும் ஐந்து அடி அகலமும் கொண்ட மேசை, மூன்று கிராமுக்கும் குறைந்த எடையுள்ள பந்து, இரப்பர்த் தகடு ஒட்டிய மரமட்டை ஆகிய இவ்வளவே இவ்வாட்டத்தின் கருவிகள். ஓடிக் களைக்க இடமில்லை. உடல் வலிமையை மட்டும் நம்பிப் பயனில்லை. கண், மனம், மணிக்கட்டு மூன்றும் ஒரே கணத்தில் ஒத்தியங்க வேண்டும்.

பார்னாவின் தனிச்சிறப்பு புறங்கைத் தாக்குதல். முன்கையையும் மணிக்கட்டையும் சட்டென ஒருமுறை சுழற்றி, எதிராளி எதிர்பாராத மூலைக்குப் பந்தைச் சாட்டைபோல் விரட்டுவார். தோளை அசைத்து முன்னறிவிப்புச் செய்வதில்லை. ஆகவே, பந்து எத்திசையில் வரும் என்பதை எதிராளி அறிவதற்குள் அது அவரைக் கடந்து போயிருக்கும். இவ்வீச்சு அவர் பெயராலேயே பார்னா ஃபிளிக் என்று வழங்கலாயிற்று.

தாக்கியாடுவது அக்காலத்தில் எத்துணை அரியது என்பதற்கு ஒரு சான்று கூறலாம். அன்றைய மட்டைகளில் பந்தைத் தடுத்துத் திருப்பியனுப்புதல் எளிது. 1936இல் பிராகா நகரில் போலந்து வீரர் எர்லிக்கும் ருமேனிய வீரர் பானெத்தும் மோதியபோது, முதல் புள்ளி முடியவே இரண்டு மணி நேரத்திற்கு மேல் ஆயிற்று. இருவருமே தாக்க முன்வராததே காரணம். இதன்பின் வலையின் உயரத்தைக் குறைத்தும் நேர வரம்பை இறுக்கியும் விதிகள் திருத்தப்பட்டன. இத்தகைய காலத்தில் இடர் அஞ்சாது முன்னேறித் தாக்கியவர் என்பதாலேயே பார்னாவின் ஆட்டத்தைக் காண மக்கள் திரண்டனர்.

சாலையில் நேர்ந்த இடர்

நான்கு பட்டங்களையும் வென்ற மகிழ்ச்சி மூன்று திங்கள்கூட நீடிக்கவில்லை. 1935 மே மாதம் பிரான்சு நாட்டில் நேர்ந்த சாலை விபத்தில் அவருடைய வலக்கை எலும்பு முறிந்தது. மட்டை பிடிக்கும் கை அதுதான். முறிந்த எலும்பை உலோகத் தகடு வைத்து இணைக்க வேண்டியதாயிற்று. கை பிழைத்தது. ஆனால் அந்தக் கையின் பழைய வேகம் மீளவில்லை.

உலகின் தலைசிறந்த வீரராக 23ஆம் வயதில் இருந்த ஒருவர், அடுத்த ஆண்டு முதல் ஒற்றையர் பட்டத்தை மற்றவர் வெல்லக் கண்டு நிற்க வேண்டிய நிலை. அதன்பின் ஒருமுறைகூட அவர் உலக ஒற்றையர் வாகையராகவில்லை. இத்துடன் அவர் கதை முடிந்திருந்தால் எவரும் குறைகூறியிருக்க மாட்டார். 20 பட்டங்களே ஒரு வாழ்நாளுக்குப் போதுமானவை.

ஆனால் அவர் மட்டையைக் கீழே வைக்கவில்லை. முறிந்து கூடிய கையைக்கொண்டே மீண்டும் பயின்றார். தமக்கென வெல்லும் வாய்ப்புக் குன்றியபோது பிறரோடு சேர்ந்து வெல்லும் வழியைத் தேடினார். 1938இல் இலண்டனில் அங்கேரி சுவேத்லிங் கோப்பையை மீட்டபோது அக்குழுவில் பார்னாவும் பெல்லாக்கும் இருந்தனர். இது 21ஆவது பட்டம்.

22ஆவது பட்டம் கிடைத்த இடமும் விதமும் மேலும் வியப்புக்குரியவை. 1939இல் உலகப் போட்டி முதன்முறையாக ஐரோப்பாவுக்கு வெளியே, எகிப்தின் கெய்ரோ மாநகரில் நடைபெற்றது. நைல் நதிக் கரையில் நிகழ்ந்த அப்போட்டியில் பார்னா ஆடியது இங்கிலாந்துக்காக. அவருக்கு இணையாக நின்றவர் ரிச்சர்டு பெர்க்மன். இவர் வியன்னாவில் பிறந்த யூதர். 1938இல் இட்லரின் படை ஆஸ்திரியாவை விழுங்கியபோது தப்பி இங்கிலாந்துக்கு வந்தவர். ஒருவர் தாய்நாட்டை விட்டு நீங்கியவர். மற்றவர் தாய்நாடே இல்லாமற் போனவர். இவ்விருவரும் இணைந்து ஆடவர் இரட்டையர் பட்டத்தை வென்றனர்.

கணக்கிட்டுப் பார்ப்போம். ஒற்றையர் 5, ஆடவர் இரட்டையர் 8, கலப்பு இரட்டையர் 2, குழுப்போட்டி 7, ஆக மொத்தம் 22. அவற்றுள் விபத்துக்குப்பின் பெற்றவை இரண்டே. எண்ணிக்கையில் சிறியவை எனினும், மனவலிமையின் துலாக்கோலில் அந்த இரண்டும் முன்னைய இருபதுக்கு ஈடாக நிற்கும்.

போரும் புலப்பெயர்வும்

கெய்ரோப் போட்டி முடிந்த சில மாதங்களில் இரண்டாம் உலகப் போர் மூண்டது. உலகப் போட்டிகள் 1947 வரை நின்றுபோயின. போர் தொடங்கியபோது பார்னா வட அமெரிக்காவில் இருந்தார். போர்க்களத்திற்கு அப்பால் அமைதியாக வாழ அவருக்கு வழியிருந்தது. எனினும் அவர் ஐரோப்பாவுக்குத் திரும்பிப் பிரித்தானியப் படையில் சேர்ந்து நாசிசத்தை எதிர்த்தார்.

அவர் விட்டுவந்த நாட்டில் நடந்தது என்ன? 1944ஆம் ஆண்டு மே முதல் ஜூலை வரையிலான குறுகிய காலத்தில் 4 இலட்சத்திற்கும் மேற்பட்ட யூதர்கள் அங்கேரியிலிருந்து புகைவண்டிகளில் ஏற்றப்பட்டு, பெரும்பாலும் அவுஷ்விட்சுக் கொலைக்களத்துக்கு அனுப்பப்பட்டனர். இரண்டு மணி நேரப் புள்ளி ஆடிய எர்லிக்கும் அம்முகாமில் அடைபட்டு உயிர்தப்பியவரே. மேசையின் ஒருபுறமும் மறுபுறமும் நின்று ஆடிய ஒரு தலைமுறையையே அக்கொடுமை சிதறடித்தது. பெல்லாக் அமெரிக்காவுக்குச் சென்றார். சபாடோசு ஆஸ்திரேலியாவில் குடியேறி 1962இல் சிட்னி நகரில் மறைந்தார். புதாபெஸ்டில் சேர்ந்து வளர்ந்த தோழர் மூவர் மூன்று கண்டங்களில் வாழ நேர்ந்தது.

பிழைப்பு நாடிக் கொழும்புக்கும் இரங்கூனுக்கும் பாய்மரமேறியும் கப்பலேறியும் சென்ற முன்னோர்களைக் கொண்ட கடற்கரை நம்முடையது. ஊரைவிட்டுப் போனவர் உள்ளத்தில் ஊர் எவ்வாறு தங்கிநிற்கும் என்பதை உடன்குடி, காயல்பட்டினம், குலசேகரன்பட்டினம் ஆகிய ஊர்களின் பெரியோர்க்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. நம் முன்னோர்க்குத் திரும்பி வர ஓர் ஊர் இருந்தது. பார்னாவுக்குத் திரும்பிச் செல்லவும் ஊர் இல்லாமற் போயிற்று. அவர் இலண்டனையே தம் ஊராக்கிக்கொண்டார்.

போருக்குப்பின் நாடு நாடாகச் சென்று காட்சியாட்டங்கள் ஆடினார். இளைஞர்க்குக் கற்பித்தார். மேசைப்பந்து பற்றி நூல்கள் எழுதினார். டன்லப் நிறுவனத்தின் விளையாட்டுக் கருவிப் பிரிவுக்காகப் பணிபுரிந்தார். அவர் பெயர் பொறித்த மட்டைகள் பல நாடுகளிலும் விற்பனையாயின. அப்பணியின் பொருட்டுத் தென்னமெரிக்காவின் பெரு நாட்டுக்குச் சென்றிருந்தபோது, 1972 பிப்ரவரி இறுதியில் லீமா நகரில் மாரடைப்பால் உயிர்நீத்தார். அப்போது அவருக்கு வயது 60. ஒலிம்பிக் போட்டியில் மேசைப்பந்து இடம்பெற்றது 1988இல்தான். ஆகவே ஒலிம்பிக் பதக்கம் என்னும் அணி அவர் மார்பில் ஏற வாய்ப்பே இருந்ததில்லை. எனினும் பன்னாட்டுக் கூட்டமைப்பு 1993இல் புகழ் மண்டபத்தை நிறுவியபோது முதலில் இடம்பெற்றோருள் அவரும் ஒருவர்.

நம் மண்ணும் பார்னாவும்

1952இல் உலகப் போட்டி முதன்முறையாக ஆசியாவுக்கு வந்தது. நடந்த இடம் நம் பம்பாய். ஜப்பானிய வீரர் சாத்தோ கடற்பஞ்சு போன்ற தடித்த ஸ்பாஞ்சு ஒட்டிய மட்டையுடன் வந்து, பந்தின் ஒலியே கேளாதபடி ஆடி ஒற்றையர் பட்டத்தை வென்றார். ஒலியைக் கேட்டே பந்தின் வேகத்தைக் கணித்துப் பழகிய ஐரோப்பியர் திகைத்து நின்றனர். குழுக் கோப்பை அவ்வாண்டும் அங்கேரிக்கே சென்றது என்றாலும், பார்னா காலத்து ஆட்டம் விடைபெறத் தொடங்கியது பம்பாயில்தான். அதன்பின் ஜப்பானும், 1959இல் ரோங் குவோதுவான் பெற்ற உலகப் பட்டத்தின்வழிச் சீனமும் எழுந்தன.

தமிழகமும் இவ்வாட்டத்தில் பின்தங்கியதன்று. சென்னையின் சரத் கமல் பத்து முறை தேசிய ஒற்றையர் வாகையர். 2006லும் 2022லும் காமன்வெல்த் விளையாட்டில் ஒற்றையர் தங்கம் வென்றவர். அவருக்கு முன் சென்னை தந்த மாவீரர் வி. சந்திரசேகர் மூன்று முறை தேசிய வாகையராக விளங்கினார். 1984இல் முழங்கால் அறுவை சிகிச்சையின்போது நேர்ந்த பாதிப்பால் பேச்சும் நடையும் பார்வையும் குன்றின. மனம் தளராமல் மீண்டெழுந்து பயிற்சியாளராகி, பல வீரர்களை உருவாக்கி, 2021இல் மறைந்தார். பார்னாவின் வாழ்க்கை எங்கோ தொலைதூரத்தில் நடந்த கதை என்று எண்ணுவோர் சந்திரசேகரை நினைத்துப் பார்க்க வேண்டும்.

நிறைவுரை

நம் ஊர்க் கருப்பட்டியின் சுவையை அறியாதார் இலர். பனையிலிருந்து இறக்கிய பதநீர் அடுப்பில் கொதித்துச் சுண்டிய பின்னரே அச்சில் வார்க்கும் பதத்தை அடைகிறது. பதநீர் ஒரு பொழுதுக்குள் புளித்துவிடும். காய்ச்சிய கருப்பட்டியோ நாள்பட இருக்கும். இளமையில் தானாக வந்தெய்தும் திறமை பதநீர் போன்றது. துன்பத்தில் காய்ந்த பின்னும் எஞ்சி நிற்கும் திறமையே கருப்பட்டி போல் நிலைக்கும்.

மாணவச் செல்வங்களே, தேர்வில் ஒருமுறை தவறினாலும், போட்டியில் ஒருமுறை வீழ்ந்தாலும் வாழ்வே முடிந்தது என்று சோர்ந்துவிடும் இளைஞர்களை நாம் அன்றாடம் காண்கிறோம். பார்னா தம் குடும்பப் பெயரையும், பிறந்த நாட்டையும், வெற்றி தந்த கையின் வலிமையையும் ஒவ்வொன்றாக இழந்தவர். இழந்தவற்றை எண்ணி அமர்ந்திராமல், எஞ்சியதைக்கொண்டு ஆடியவர். பிறப்பால் அமைந்த பெயரை அவர் நாடு ஏற்க மறுத்தது. அவர் சூடிக்கொண்ட பெயரோ, தோழரின் பெயருடன் இணைந்து, நம் நாட்டு வெற்றிக்கோப்பையில் நிலைபெற்றுவிட்டது.

பெற்றோர்க்கும் பெரியோர்க்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. பரண்மேல் போட்ட மட்டையை இறக்கிப் பிள்ளைகள் கையில் கொடுங்கள். வெல்லக் கற்பதற்கு மட்டுமன்றி, தோற்றபின் எழுந்து நிற்கக் கற்பதற்கும் அந்தச் சிறு மேசை ஒரு நல்ல பள்ளிக்கூடம்.